வராவிட்டால் தேட ஓர் ஆள்

விபத்தே நடக்காதவனிடம் சொல்வதற்குக் கதை இருக்காது. தொழிற்பயிற்சிப் பள்ளியில் பாதுகாப்புப் பாடம் எடுத்த ஆசிரியருக்கு இருந்த முதல் குறை அதுதான். அவருக்குப் பத்து விரல்களும் இருந்தன.

அதே பள்ளியில் தச்சுப் பிரிவுக்குப் பாடம் எடுத்தவருக்கு எட்டரை விரல். அவரைக் கூப்பிடுவதும் எட்டரை என்றுதான். மரம் அறுக்கும் ரம்பம் தின்றது போக மிச்சமிருந்த கையை அவர் மேசைமேல் வைத்தால் போதும், வகுப்பு மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும். கவனமாக இருங்கள் என்று சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது, அவர் கவனமாக இருந்ததில்லை என்பதால். பத்து விரல்காரர் அதையே சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவர் சொன்னபடியே வாழ்ந்து தொலைத்திருந்தார். ஒழுங்காக நடப்பவனுக்கு உலகத்தில் மரியாதை உண்டு, கேட்க ஆள்தான் கிடையாது.

அவரைப் பிள்ளைகள் பத்திரம் சார் என்று அழைத்தார்கள். வகுப்பு முடிந்து கிளம்புகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "பத்திரம்" என்பார். டீ கொண்டுவரும் பையனிடம் பத்திரம். பதவி உயர்வு பெற்று மாற்றலாகிப் போன முதல்வருக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்ல, இவர் மட்டும் பத்திரம் என்றார். முதல்வருக்கு முகம் மாறிவிட்டதாம். புது இடத்தில் என்ன காத்திருக்கிறதோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாராம்.

பாட அட்டவணை போட்டவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பாடவேளையைப் பாதுகாப்புக்கு ஒதுக்கியிருந்தார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள், வயிறு நிறைய சோறு, தலைக்கு மேலே சுற்றும் விசிறி, "விழிப்பாக இருப்பது எப்படி" என்று தலைப்பு. பாதி வகுப்பு தூங்கியே அந்தப் பாடத்தில் தேறியது.

அவர் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை இல்லை. எந்த வேலையைத் தொடும் முன்பும் இரண்டு கேள்வி கேள். தப்பு நடந்தால் எவ்வளவு அடி படும்? நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? ஆளே போகாத காட்டில் இருக்கும் பாழுங்கிணற்றுக்கு வேலி போடாவிட்டாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கும் சின்னக் குழியை இன்றே மூடு என்பார். "நம்ம பாஷையிலயே ரொம்ப ஆபத்தான வாக்கியம் எது தெரியுமா?" என்று வருஷா வருஷம் கேட்பார். தூங்காதவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள்: "ஒரு நிமிஷ வேலைதானே!"

இன்னொரு விதியும் உண்டு. ஓடக்கூடாது. தீப்பிடித்தாலும் ஓடக்கூடாது, வேகமாக நடக்கலாம். ஒருநாள் கொட்டுகிற மழையில் அலுவலகத்திலிருந்து பட்டறைவரை அந்த முற்றத்தை அவர் அளந்து அளந்து நடந்து கடந்ததைப் பள்ளியே ஜன்னலில் நின்று பார்த்தது. குடை எட்டரையிடம் இருந்தது. எட்டரை ஓடிப்போய்விட்டார். பத்திரம் சார் நனைந்த கோழிபோல வந்து சேர்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, ஈரத்தரையில் ஓடினால் என்ன ஆகும் என்று விளக்கினார். ஓடினவர்கள் எல்லோரும் உலர்ந்த சட்டையோடு கேட்டுக்கொண்டார்கள்.

அவருக்கு மனைவி இருந்தாள். இருந்தாள் என்றால் இப்போதும் இருக்கிறாள், அண்ணன் வீட்டில், வேறு ஊரில். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி, அடுப்புக்கு மூன்று முறை சோதனை, குளியலறையில் கால் வழுக்காத விரிப்பு, அதன் ஓரம் தடுக்காமல் இருக்க ஒட்டு நாடா. "உங்ககூட வாழ்ந்தா எதுவுமே நடக்காது" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவர் வெகுநாள் சந்தோஷமாக இருந்தார். அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டபோதுதான் வாக்கியத்தைத் திரும்ப யோசித்துப் பார்த்தார். பிள்ளை குட்டி கிடையாது. இப்போது வீட்டில் அடிபட வாய்ப்புள்ள ஆள் ஒரே ஒருவர்தான், அவரும் கவனமானவர்.

அந்த வருஷம், இயந்திரப் பாகங்களைப் பொருத்தக் கற்றுத்தரும் பிட்டர் பிரிவின் முதலாண்டு வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எதைச் சொன்னாலும் ஏன் சார் என்று கையைத் தூக்குவாள். அவள் பெயர் வருகைப் பதிவேட்டில்தான் இருந்தது, எல்லோரும் அவளைக் கூப்பிட்டது கேள்வி என்றுதான். அவளுக்கு அடுத்த இருக்கையில் நெட்டை. வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருப்பதற்காகவே பாதுகாப்புப் பாடத்தில் கொஞ்சம் அக்கறை காட்டியவன்.

அன்றைக்குப் பாடம், தனியாக வேலை செய்வது பற்றி.

"ஆள் இல்லாத இடத்துக்குத் தனியா வேலைக்குப் போறீங்க. எங்க போறேன், எப்ப வருவேன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். சொன்ன நேரத்துக்கு வரலைன்னா தேடி வர்றதுக்கு ஓர் ஆள் இருக்கணும். இந்த ஹெல்மெட், கண்ணாடி, கையுறை எல்லாம் அதுக்கு அப்புறம்தான். சரி, நீ வரலைன்னா யாரு தேடுவா? ஆளுக்கு ஒருத்தரைச் சொல்லு பாப்போம்."

"எங்கம்மா சார்."

"எங்கண்ணன் சார். அவன் சட்டையப் போட்டுட்டு வந்திருக்கேன், கட்டாயம் தேடுவான்."

"எங்க மாமா தேடுவாரு சார். பைக் சாவி எங்கிட்ட இருக்கற வரைக்கும்."

"என்னைத் தேடவே வேணாம் சார்," என்றான் நெட்டை. "நிமிர்ந்து நின்னா பக்கத்து தெருவுலேர்ந்தே தெரிவேன்."

தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து சிரித்தார்கள். இவ்வளவு உற்சாகத்தை அந்தப் பாடவேளை பார்த்ததில்லை. பத்திரம் சாரும் மீசைக்குள் சிரித்துக்கொண்டே வரிசையாகக் கேட்டு வந்தார். கேள்வியின் முறை வந்தது.

"எங்கப்பா தேடுவாரு சார். உங்களை யாரு சார் தேடுவா?"

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லோரும் சொன்னார்கள், சார் மட்டும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"எனக்கென்னம்மா? ஆபீஸ்ல தெரியும்."

"ஆபீஸ்னா ஆள் இல்லையே சார். ஓர் ஆளைத்தான் சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வாட்ச்மேன் இருக்கார்."

"அவர் நாம உள்ள வந்தாலே கவனிக்க மாட்டாரே சார். வரலைன்னா எப்படிக் கவனிப்பாரு?"

"மணி அடிச்சாச்சு," என்றார் பத்திரம் சார். மணி அடிக்கவில்லை. ஆனால் முன்கூட்டியே வகுப்பு முடிவதை எந்த மாணவனும் மறுத்துப் பேசிய வரலாறு கிடையாது. கேள்விகூடப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று அவர் யாரிடமும் பத்திரம் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அவர் குடியிருந்தது ஒரு மாடி வீட்டின் மேல் பாகத்தில். கீழே, மாடிப்படிக்குப் பக்கத்தில், ஒரு தையல் கடை. தையல்காரம்மா என்று ஊர் கூப்பிடும். கடைக்குப் பின்னாலேயே அவள் குடியிருப்பு. துணை என்று யாரும் இல்லை, ஒரு மிஷினும் அதைவிடச் சத்தமான வாயும் உண்டு. பத்திரம் சார் படியிறங்கும் விதம் தனி. இரும்பு மூக்கு வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியையும் குதிகாலால் தட்டிச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த காலை வைப்பார். காலையில் டக், டக் என்று இறங்கும். மாலையில் டக், டக் என்று ஏறும். அந்தப் படிகள் ஒரு நாளும் அவரை ஏமாற்றியதில்லை, அவரும் அவற்றை ஒரு நாளும் நம்பியதில்லை.

"மாடிப்படியா மத்தளமா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "ஊசி எகிறிப் போகுது. படி என்ன ஓடியா போயிடும்?"

அவர் அடுத்த படியைத் தட்டுவார். அவர்களுக்கிடையே இருந்த பேச்சு வார்த்தை அவ்வளவுதான், அதுவும் ஒரு பக்கத்திலிருந்து.

அன்று மாலை படியில் கால் வைக்கும் முன் அவர் தையல் கடை வாசலில் நின்றார். கேட்க வேண்டிய விஷயம் சின்னது. ஏங்க, நான் ஒருநாள் வரலைன்னா கொஞ்சம் என்னன்னு பாருங்க. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். அதில் அடி என்ன, வாய்ப்பு என்ன என்றும் கணக்குப் போட்டிருந்தார். மறுத்துவிட்டால் அவமானம். சிரித்துவிட்டால் அதைவிட மோசம். ஒப்புக்கொண்டால்? கணக்கில் அந்த வரியை நிரப்ப அவருக்குத் தெரியவில்லை.

தையல்காரம்மா காலை மிதியிலிருந்து எடுத்தாள். மிஷின் நின்றது. "என்ன?"

"இஸ்திரிப் பெட்டி ஒயர் உரிஞ்சிருக்கு," என்றார் அவர். "மாத்திடுங்க. கரண்ட் அடிக்கும்."

"வாயத் தொறந்தா நல்ல வார்த்தை ஒண்ணு வராதா சார் உங்களுக்கு?"

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் டக், டக் என்று மேலே போனார்.

வருஷத்துக்கு ஒருமுறை அவர் பாடத்துக்கும் ஒரு திருவிழா உண்டு. பட்டறையில் வேண்டுமென்றே தப்புகளைப் பரப்பி வைப்பார். கிரைண்டர் சக்கரத்தின் மூடியைக் கழற்றுவார், நடைபாதையில் உரிந்த ஒயரைப் போடுவார், காஸ் சிலிண்டரின் சங்கிலியை அவிழ்ப்பார், ஏணியை இருக்கக் கூடாத சாய்வில் சாத்தி அதன் காலடியில் எண்ணெயைக் கொட்டுவார். நடுவில் ஓர் ஆள் அடிபட்டுக் கிடப்பான். பழைய நீலச் சட்டை பேண்ட்டில் பஞ்சை அடைத்துச் செய்த பொம்மை. அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மாப்பிள்ளை. வந்த இடத்தில் ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக் கிடக்கிறான், மற்றவர்கள்தான் சுற்றி நின்று கவலைப்பட வேண்டியிருக்கிறது என்பது காரணம்.

மாணவர்கள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று, தொடாமல், கண்ணால் மட்டும் பார்த்துத் தப்புகளைச் சொல்ல வேண்டும். அடிபட்டவனிடம் ஓடக் கூடாது. "கத்துவான், கெஞ்சுவான், உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவான்" என்று அவர் முன்பே எச்சரித்திருப்பார். "மனசு இளகி ஓடினா ரெண்டு பேர் கிடப்பீங்க. முதல்ல நில்லு. சுத்திப் பாரு. அப்புறம்தான் அவன்."

அந்த வருஷம் பயிற்சி மதியம். முற்பகலிலேயே அவர் தனியாகப் பட்டறைக்குப் போய்விட்டார். யாராவது எட்டிப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று கதவைச் சாத்தி, "பயிற்சிக்கான ஏற்பாடு. உள்ளே வராதீர்கள்" என்ற பலகையை மாட்டினார். பட்டறைக்குள் கைப்பேசி கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான், அதனால் கைப்பேசி வெளி அலமாரியில். ஹெல்மெட் தலையில். ஒயரைப் போட்டார், அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். மூடி, சங்கிலி, ஏணி, எண்ணெய் எல்லாம் முடிந்தன. நடுவில் வந்து நின்று, ஒரு கலைஞனின் திருப்தியோடு சுற்றிப் பார்த்தார்.

மாப்பிள்ளையைக் காணோம். மாப்பிள்ளை பரணில் இருந்தான். நல்ல ஏணி பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் கதவைத் திறந்து, முற்றத்தைக் கடந்து, எட்டரையிடம் சாவி கேட்டு, அவர் அடிக்கிற இரண்டு ஜோக்கைக் கேட்டு, ஏணியைத் தூக்க ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இந்த ஏணியோ பரணுக்குக் கீழேயே சாத்தியிருந்தது. அவரே சாத்தியது. அதில் என்ன தப்பு என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அந்தப் பள்ளியில் கிடையாது.

வாழ்நாளில் முதல்முறையாக அந்த வாக்கியத்தை அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார். ஒரு நிமிஷ வேலைதானே.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பொம்மையின் காலைப் பிடித்து இழுத்தபோது ஏணியின் அடிப்பாகம் எண்ணெயில் நழுவியது. முதலில் ஏணி விழுந்தது, பிறகு அவர், கடைசியாக அவர்மேல் மாப்பிள்ளை. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றிவிட்டது. அதனால் மற்றதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வலது கால் அது திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

கூப்பிட்டார். பக்கத்துக் கொட்டகையில் காற்றழுத்த மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டார். யாரோ கதவுவரை வரும் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டரைதான், பிற்பாடு தெரிந்தது. வந்தவர் பலகையைப் படித்தார், திரும்பிப் போய்விட்டார். எந்தப் பலகைக்கும் அடங்காத மனிதர் அன்று ஒருநாள் மட்டும் அடங்கினார்.

அசைந்தால் வலி உயிர் போனது. அசையாமல் இருந்தால் யோசனை வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை மல்லாந்து கிடந்தான். அவனுக்குப் பிள்ளைகள் மார்க்கர் பேனாவால் சிரித்த வாய் வரைந்திருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு பத்திரம் சார் தம் நிலைமையை மதிப்பிட்டார். அடி: பெரியது. வாய்ப்பு: நடந்தே விட்டது. சரி, தேடி வர யார்? இன்றைக்கு வகுப்பு இருக்கிறது, பிள்ளைகள் வருவார்கள். ஆனால் அவர்கள் வருவது பாட அட்டவணையில் இருப்பதால், அவரைத் தேடி அல்ல. இதே கால் நேற்றைக்கு வீட்டில் உடைந்திருந்தால்? பூட்டிய கதவு, இரட்டைக் கம்பி ஜன்னல். யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த வீடு. அந்த வேலையை அவர் நன்றாகவே செய்திருந்தார்.

காற்றழுத்த மிஷின் நின்றபோது சாப்பாட்டு வேளை வந்திருந்தது. பள்ளி முழுக்கச் சாப்பிடப் போய்விட்டது. அமைதியில் அவர் குரல் நன்றாகக் கேட்டிருக்கும், கேட்கத்தான் யாரும் இல்லை. அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கூரைத் தகட்டில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். கதவு திறந்தது. சொல்லிக்கொடுத்தபடி வரிசையாக வந்து மஞ்சள் கோட்டில் நின்றார்கள்.

"டேய், இந்த வருஷம் ரெண்டு மாப்பிள்ளைடா!" என்றான் நெட்டை.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கடா," என்றார் பத்திரம் சார். நாக்கு உலர்ந்து குரல் கீச்சென்று வந்தது.

"அடேங்கப்பா. சாருக்குள்ள இவ்ளோ திறமையா?"

"கால் உடைஞ்சிருச்சுடா…"

"கத்துவான், கெஞ்சுவான்," என்று யாரோ அவர் குரலிலேயே சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. ஆனால் ஒருவரும் கோட்டைத் தாண்டவில்லை. அத்தனை வருஷமாகத் தூங்கிய வகுப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றைக்கு ஒரு வகுப்பு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

"தரையில எண்ணெய்." "ஏணி சரியா சாத்தலை, அதான் விழுந்திருக்கு." "கிரைண்டர்ல மூடி இல்ல." "ஒயர் உரிஞ்சிருக்கு, கரண்ட் இருக்கான்னு தெரியாது, அதனால கிட்டப் போகக் கூடாது."

"வேற?" என்றாள் கேள்வி. "வேற ஒண்ணும் தெரியலையே."

"சிலிண்டர்…" என்றார் தரையிலிருந்து பத்திரம் சார். அவரால் பொறுக்க முடியவில்லை. "சங்கிலி போடலை பாரு…"

அதோடு எல்லோருக்கும் சந்தேகம் தீர்ந்தது. கால் உடைந்தவன் சிலிண்டருக்கு மார்க் போடுவானா? கைதட்டல் எழுந்தது. பத்திரம் சாருக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணை மூடிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

"ஓடுங்கடா! யாராவது ஓடிப்போய் ஆபீஸ்ல சொல்லுங்கடா, ஓடு!"

கைதட்டல் தேய்ந்து நின்றது. கேள்வியின் முகம் மாறியது.

"டேய்," என்றாள் மெல்ல. "சார் ஓடச் சொல்றாருடா."

கெஞ்சலை நடிக்கலாம், அழுகையை நடிக்கலாம். ஆனால் பத்திரம் சார் வாயிலிருந்து ஓடு என்ற சொல் விளையாட்டுக்குக்கூட வராது என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நெட்டை கதவைத் தாண்டி ஓடினான், ஓடியபோது வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். கேள்வி ஓடவில்லை. சுவரோரமாகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மணல் வாளியை எடுத்து எண்ணெய்மேல் கொட்டினாள். இன்னொருவனைச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சுற்றிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், ரொம்ப வலிக்குதா? சாரி சார். நாங்க நீங்க சொன்னபடிதான் செஞ்சோம்."

"சரியாத்தாம்மா செஞ்சீங்க," என்றார் அவர். பொய் இல்லை. ஆனால் அதைவிடக் கசப்பான பாராட்டை அவர் யாருக்கும் தந்ததில்லை.

ஆம்புலன்ஸில் கூட வந்தவர் எட்டரை. பலகையைப் படித்துத் திரும்பியதை வழியெல்லாம் சொல்லி வருத்தப்பட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, "நான் வரட்டுமா? வீட்டுல தேடுவாங்க" என்று மாலையில் கிளம்பினார். எதார்த்தமாகச் சொன்ன சொல்தான்.

கட்டுப் போட்டபின் நர்ஸ் வந்தாள். "கூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா."

"அவசரம்னா யாரைக் கூப்பிடறது? ஒருத்தரையாவது சொல்லுங்க."

கேள்வியைப்போலவே இவளுக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. மணி அடித்துவிட்டது என்று சொல்ல இங்கே வழி இல்லை. "காலையில சொல்றேன்," என்றார். நர்ஸ் படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனாள். மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆள்கள் இருந்தார்கள், யார் தங்குவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டிலைச் சுற்றி மட்டும் நடக்க நல்ல இடம் இருந்தது.

மறுநாள் முற்பகலில் வார்டு வாசலில் ஒரு குரல் கேட்டது. "மேல் வீட்டுக்காரர் எங்கம்மா? கால் ஒடிஞ்சவர். ஊரெல்லாம் பத்திரம் சொல்லிட்டுத் திரிவாரே, அவர்."

தையல்காரம்மா. கையில் ஒரு பை. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"ஏன் சார், இப்படி ஒருத்தர் பிழைப்பக் கெடுக்கலாமா?" என்றாள் வந்ததும்.

"நான் என்ன பண்ணினேன்?"

"சாயங்காலம் நீங்க ஏறின சத்தம் கேட்டாத்தான் நான் கடையக் கட்டுவேன். நேத்து ஏறவே இல்ல. இதோ வருவாரு, இதோ வருவாருன்னு பாத்து தைச்சுட்டே இருந்தேன். எப்ப மூடறதுன்னே தெரியல. காலையில நீங்க இறங்கினாத்தான் எழுந்திருப்பேன். இன்னிக்கு அதுவும் இல்ல. எழுந்து பாத்தா வெயில் வந்திருச்சு. கல்யாணத் துணி கேட்டு வந்தவங்க வாசல்ல நின்னு கத்தறாங்க. விட்டுட்டு உங்க பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாட்ச்மேனுக்கு ஒண்ணும் தெரியல. ஒரு பொண்ணுதான் கேள்வி மேல கேள்வியாக் கேட்டுட்டு அப்புறம் இடத்தச் சொல்லிச்சு."

பத்திரம் சார் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"சத்தம் தொந்தரவுன்னு தினம் திட்டுவீங்களே?"

"தொந்தரவுதான். அதுக்காக நிறுத்திடறதா?"

நர்ஸ் அந்தப் பக்கம் வந்தாள். விட்ட இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. "நீங்க இவருக்கு வேண்டியவங்களா? பேர் சொல்லுங்க."

தையல்காரம்மா தன் பெயரைச் சொன்னாள். அது ஒரு நல்ல பெயர். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த பத்திரம் சார் அதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்.

"என்ன உறவு?"

"கீழ் வீடு," என்றாள். நர்ஸ் பேனாவை எழுதாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "தினமும் திட்டற உறவும்மா. என்ன வேணும்னாலும் போட்டுக்கோ."

அதிக நேரம் இருக்கவில்லை. பையில் கொண்டுவந்த பழங்களையும் ஒரு துண்டையும் வைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி, "அந்த ஒயர மாத்திட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரிப் படிகளில் அவள் கைப்பிடியைப் பிடிக்காமல் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. பத்திரம் என்று சொல்ல நினைத்தார். சத்தம் அதற்குள் தெருவுக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் விட்ட அன்றே, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஊன்றுகோலோடு நேராகப் பள்ளிக்குத் திரும்பியபோது அவருக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. மதிய வகுப்பில் ஒருவரும் தூங்கவில்லை. ஏணியைப் பற்றி மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். எட்டரைக்குக் கொஞ்சம் பொறாமை, ஆனாலும் தம் விரல் போனதைவிட இதில் சுவாரசியம் அதிகம் என்று ஒப்புக்கொண்டார். விதி மீறாதவர் சொன்னதைக் கேட்காத பிள்ளைகள், எல்லா விதியையும் ஒரே நாளில் மீறியவரின் சொல்லைக் குறித்துக்கொண்டார்கள். பத்திரம் சாருக்கு இதில் ஏதோ அடிப்படைத் தவறு இருப்பதாகத் தோன்றியது. கேள்வி மட்டும் அன்று எதுவும் கேட்கவில்லை.

மாலை வீட்டுக்கு வந்தார். படியில் ஊன்றுகோல் வைத்து, நல்ல காலை வைத்து, மெல்ல ஏறினார். கீழே மிஷின் நின்றது.

"யாரது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"மேல் வீடு."

"சத்தம் மாறியிருக்கே."

"கால் சரியாகிற வரைக்கும் இப்படித்தான்."

"சரி," என்று குரல் வந்தது. மிஷின் மறுபடி ஓடியது. கடையைக் கட்டுவதற்கு முன் தைத்து முடிக்க வேண்டிய கடைசித் துணியோ என்னவோ.

மேலே வீடு அவர் விட்டுப்போனபடியே இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில். அடுப்பைச் சோதித்தார். ஜன்னலைச் சோதித்தார். எதிலும் குறை இல்லை, எதிலும் வேலை இல்லை. பேச யாரும் இல்லாத அந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்து ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். சாய்வு சரியில்லை. அது நழுவித் தரையில் தடாலென்று விழுந்தது.

கீழே மிஷின் சட்டென்று நின்றது.

அவர் காத்திருந்தார். அது மறுபடி ஓடவில்லை. குரலும் வரவில்லை, நாற்காலி நகரும் சத்தமும் இல்லை. யாரோ காலை மிதியில் வைத்தபடி, தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதுபோல ஓர் அமைதி. இது எதற்காக என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த மாதிரியான அமைதி அவருக்குப் பழக்கமில்லை.

குனிந்து, கவனமாக, ஊன்றுகோலை எடுத்தார். அதன் ரப்பர் முனையால் தரையில் இரண்டு முறை தட்டினார்.

மிஷின் ஓடத் தொடங்கியது.